ஒற்றைச் சுருளும் சூசை அண்ணனும்

எலெக்ட்ரிக் கித்தார் பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு வியாதிக்குத்தான் மருந்து தெரியாது: ஒன்று சுருதி கேட்காத காது, மற்றது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சல். காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பி சுற்றிய அந்தச் சின்னச் சாமான், கித்தார்க் கம்பியின் அதிர்வைக் கேட்பதோடு நிற்பதில்லை. பக்கத்து டியூப்லைட்டையும் கரண்ட் மீட்டரையும் ஒட்டுக் கேட்டு ‘ம்ம்ம்’ என்று முனகும். இரட்டைச் சுருள் முனகாது. ஆனால் அதன் குரல் கம்பளி போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கும். ஒற்றைச் சுருளின் குரலுக்கு ஆசைப்பட்டு அதன் முனகலோடு மல்லுக்கட்டும் சக நோயாளிகளே, தேயிலை மலையூரான தானா ராத்தாவில் ஒரு செல்போன் கடையின் பின்பாதியில் பட்டறை வைத்திருக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

பாட்டும் சேர்ந்து போனது

சூசை அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். எஸ்டேட் மாதா கோயிலில் பூசைக்குப் பாடிக்கொண்டிருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பேச்சே காற்றாகத்தான் வருகிறது. பாட்டு போயே போய்விட்டது. அழுதுகொண்டு உட்காராமல் கித்தார் கற்றுக்கொண்டார். நற்கருணை வாங்கி எல்லோரும் மண்டியிட்டிருக்கும்போது, முன்பு தான் பாடிய பாட்டைத் தனியாக வாசிப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் முனகல் ஊடே புகும். பாடகர் குழுவை நடத்தும் ரீட்டா டீச்சர், “எரைச்சல் நிக்கலேன்னா திருவிழாவுக்கு வெறும் கீபோர்டுதான்” என்று சொல்லிவிட்டார்.

“எப்படியாச்சும் நிப்பாட்டு தம்பி” என்று சூசை அண்ணன் அந்தக் காற்றுக் குரலில் கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுருள் அடங்கியதை மாட்டிக் கொடுத்தேன். அப்படியொரு அமைதி! எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவாரமே கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “எரைச்சல எடுக்கச் சொன்னா, பாட்டையும் சேத்து எடுத்துட்டியே தம்பி.”

தேயிலை மூட்டைத் தாள்

பழையதையே திரும்ப மாட்டினேன். கித்தாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் கொஞ்சமாவது குறையும், கோலாலம்பூரிலிருந்து தகடு வரட்டும், பொறுங்கள் என்றேன். ஃபிட்டரிடம் பொறுக்கச் சொன்னது என் தப்பு. தேயிலை மூட்டைக்குள் ஈரம் ஏறாமலிருக்க ஒரு வெள்ளி நிறத் தாள் வைப்பார்கள். கிழிந்த மூட்டையிலிருந்து அதை வெட்டியெடுத்து, அவரே உள்ளே ஒட்டிவிட்டார்.

நான் திறந்து பார்த்தபோது கித்தாருக்குள் தேயிலை வாசம். ஒரு சுருக்கம் இல்லாமல் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார். ஆனால் தாள் சிக்னல் ஒயரில் உரசி, வருகிற சத்தமெல்லாம் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கித்தார் ஊமை. “என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “ஒரு பொட்டு எரைச்சல் இருக்கா, அத மொதல்ல சொல்லு லா.”

திரிங்காப்பில் பூவுக்கு விளக்கு

இதற்கு நடுவில் பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் முனியாண்டி தன் கித்தாரோடு வந்தார். அவர் கித்தார் பகலில் சாது, பொழுது சாய்ந்தால் பேய். பகலிலேயே பார்த்து ஏமாந்து, நான் இரண்டு பிக்கப் மாற்றிவிட்டேன். கடைசியில் சாயங்காலம் நேரில் போனேன். செவ்வந்தி அவசரப்பட்டு மொட்டு வைக்காமலிருக்கக் கொட்டகைகளில் வரிசையாக விளக்குப் போடுகிறார்கள். அத்தனைக்கும் கரண்ட் போகும் பெட்டி அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அதைக் காட்ட அவர் கித்தாரோடு அப்படியே திரும்பினார். முனகல் சட்டென்று மெலிந்தது. திரும்பி நின்றால் இரைச்சல் குறையும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். வருஷக்கணக்காகக் கித்தாரை மேசையில் படுக்கப்போட்டே வேலை பார்த்தவனுக்கு, அதைப் பிடித்திருக்கிற மனுஷன் திரும்புவான் என்பது மறந்தே போயிருந்தது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். முனியாண்டி கொட்டகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “பூவத் தூங்க விடாம நான் வெளக்கு போடுறேன் பாஸ், அது என்னைய வாசிக்க விடாம பண்ணுது.”

மூன்றாவது பெஞ்ச்

சனிக்கிழமை ஒத்திகைக்கு எஸ்டேட் கோயிலுக்குப் போனேன். கரண்ட் மீட்டர் பீடத்துக்குப் பின்சுவரில் இருந்தது. தாளைப் பிய்த்தெடுத்து மறுபடி பேச வைத்த கித்தாரோடு சூசை அண்ணனை அவர் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் முனகல் அநேகமாக அடங்கிவிட்டது. சங்கடம் என்னவென்றால், அந்தக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். கித்தார் அடங்கிய திசை நேராகப் பெண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்ச். அதற்கு நேர்எதிரே திரும்பினாலும் அடங்கியது, ஆனால் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்க்க வேண்டும். அறுபதை நெருங்கும் மனுஷன் வெட்கத்தில் சிவந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் திருநீறோடு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றதும் ஆண்கள் பக்கத்தில் கிசுகிசு, பிள்ளைகளிடம் சிரிப்பு. ரீட்டா டீச்சர் முறைத்தார். பிறகு பாட்டு ஆரம்பித்தது. முனகல் இல்லை, கம்பளியும் இல்லை. பக்கத்தில் வந்து ஒருவர் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் துல்லியமாக விழுந்தது. சிரித்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டன. நான் அழுதேன், சொல்வதற்கென்ன.

பூசை முடிந்ததும் ரீட்டா டீச்சர் வந்து, திருவிழாவன்று அரை மணி முன்னாலேயே வந்துவிடச் சொன்னார். சூசை அண்ணன் தலையாட்டினார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வருஷக்கணக்காக அவர் உட்காருவது அதே மூன்றாவது பெஞ்சாம். “தொண்ட நல்லாருந்தப்ப எல்லாம் இந்த மனுசன் கூரையப் பாத்துத்தான் பாடுவாரு தம்பி. இன்னிக்குத்தான் என்னையப் பாத்துப் பாடுனாரு.”

இப்போதெல்லாம் இரைச்சல் என்று யார் வந்தாலும், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரம்மா எந்தப் பக்கம் உட்காருவார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.