காலையில் மட்டும் வந்த அதிர்வு

மலை குலுங்கியது ஒரு மத்தியான வேளையில். ஏற்காடு கடைவீதியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டலில் டம்ளர்கள் உருண்டன, அவ்வளவுதான். பக்கத்திலிருக்கும் கிளியூரிலோ வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் வெளியிலேயே தங்கிவிட்டார்கள். நில அதிர்வைப் பதிவு செய்யும் எங்கள் ஆய்வு மையத்தின் கருவி அங்கே ஓர் எஸ்டேட் மூலையில், சின்ன அறையில் இருக்கிறது. அதன் சாவியை வைத்திருக்கும் தொழிலாளி, மனைவியையும் பச்சைக் குழந்தையையும் வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருந்தார். மழை வேறு.

வீட்டுச் சுவரில் பழுதில்லை என்று வந்து பார்த்த அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அடுத்த குலுக்கலை நினைத்துத்தான் பயம். தினமும் போன் வரும்.

"ஏனுங்க மேடம், ஊட்டுக்குள்ள போலாமுங்களா? புள்ளைக்கு நொம்பச் சளிங்க."

"பாத்துச் சொல்றனுங்கண்ணா" என்பேன். வைத்ததும் என் மேலேயே எரிச்சல் வரும். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், சொல்லத்தான் வாய் வரவில்லை.

பெரிய அதிர்வுக்கு முன்னால் வந்த சின்ன அதிர்வுகளையும் பின்னால் வந்தவற்றையும் திரையில் மேலும் கீழுமாக வைத்தேன். முன்னால் வந்தவற்றில் முதலில் மெல்லிய நடுக்கம், நீண்ட இடைவெளி, பிறகு பலமான நடுக்கம். இடைவெளி நீளமாக இருந்தால் தூரத்தில் நடக்கிறது என்று அர்த்தம். பின்னால் வந்தவற்றிலும் அதே இடைவெளி. எண்ணிக்கையும் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. காலையில் மட்டும், இடைவெளியே இல்லாமல், திரையில் ஓடும் கோட்டில் சட்டென்று ஒரே வெட்டு. அப்படியென்றால் காலடியிலேயே நடக்கிறது. பூமி என்ன கடிகாரம் பார்த்தா நடுங்கும் என்று புத்தி கேட்டது. தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் குழந்தையை நினைத்ததும் அந்தப் புத்தியை நம்பப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஜீப் பிடித்துப் போய் இறங்கினேன். கருவி அறைப் படியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சாவிக்காரர் ஒரு தேங்காயை ஓங்கிச் சிதறடித்தார்.

"ஐயோ அண்ணா! என்ன பண்றீங்க?"

"சாமிக்குங்க மேடம். பூமிக்குள்ள நடக்கறத இந்த மிஷினு நமக்காகப் பாத்துக்கிட்டு இருக்குதுங்களே, கும்பிடாம இருந்தாத் தப்புங்க. அன்னைக்கு ஆடுனதுல இருந்து டெய்லி உடைக்கறனுங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். தேங்காய் அப்படியே பதிவாகியிருந்தது, அதே வெட்டு. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உங்க தேங்காயப் பாத்துத்தான் நான் பயந்து கெடந்தேன். உங்கள ஊட்டுக்குள்ள போக விடாம வெச்சதே நீங்கதான்!"

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அப்பப் போலாமுங்களா?"

"இனி ஆடவே ஆடாதுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்கண்ணா. ஆனா வர்றதெல்லாம் பழைய எடத்துல இருந்துதான், தூரத்துல. அதுவும் கொறஞ்சுக்கிட்டே வருது. புள்ளையத் தூக்கிட்டு உள்ள போங்க. தேங்காயக் கோயில்ல உடைங்க, இங்க வேண்டவே வேண்டாம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியேவிட்டார்.

மறுநாள் காலை திரையில் மறுபடியும் அந்த வெட்டு, முன்னைவிடப் பலமாக. போனைப் போட்டுக் கத்தினேன்.

"இதான் கடைசிங்க மேடம். எல்லாரும் உள்ளதான் படுத்தோமுங்க. புள்ள விடியற வரைக்கும் அழுகவே இல்லீங்க. சும்மா இருக்க மனசு வரலீங்க."

நிலநடுக்கமல்லாத பதிவை நாங்கள் அழித்துவிடுவது வழக்கம். இதை அழிக்கவில்லை. பக்கத்தில் 'தேங்காய்' என்று எழுதி வைத்தேன்.