இரண்டு மச்சான்கள், இரண்டு வால்வு பெட்டிகள்

பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற தொழிலில், முகப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவே கூடாது. வெளியே ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறொரு சர்க்யூட் இருக்கும். ஒரே ஆள் ஒரே மாதிரி செய்த இரண்டு பெட்டிகளைத் திறந்தால்கூட ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. அன்றைக்குக் கடையில் என்ன பார்ட்ஸ் கிடைத்ததோ அதுதான் டிசைன். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில், அதன் பிறகும் கரண்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் கெபாசிட்டரில் விரல் வைத்து, முன்னோர்களை ஒரு நொடி நேரில் பார்த்துவிட்டுத் திரும்பிய என் சகோதர சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கடலூர் பழைய டவுனில். எங்கள் பேச்சில் ஓ.டி. இப்போது சிதம்பரத்தில், வீட்டு முன்னறையில், கிடார் வாசிப்பவர்களின் ஆம்ப்ளிஃபயர்களை ரிப்பேர் பார்க்கிறேன். எந்தப் பெட்டி எந்த டிசைன் என்று பார்த்துச் சொல்வதும் உண்டு. இந்த வேலை எனக்குச் சோறு போட்டது, அது இருக்கட்டும். வாசல் தேடி இத்தனை விதமான மனிதர்களை அனுப்பியதே, அதற்குத்தான் நன்றி சொல்ல உட்கார்ந்தேன்.

சார் வரட்டும்

புவனகிரியிலிருந்து ஒருவர் வந்தார். ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டேன். "அத சார்கிட்டயே சொல்லிக்கிறேம்மா" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு இது புதிதல்ல. அவருக்கு ஒரு டீ கொடுத்துவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. சார் வருவதற்குள் வீட்டம்மா எடுத்து வைக்கிறார் என்று நினைத்திருப்பார்.

ஒரு வால்வு சாக்கெட்டில் கரி பிடித்து, பின்கள் தளர்ந்திருந்தன. சுத்தம் செய்து, இறுக்கி, கிடாரைச் செருகி வாசிக்கச் சொன்னேன். வாசித்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தச் சிரிப்புக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், ஏதோ யோசித்துத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார் வந்தா நீங்களே சரி பண்ணிட்டீங்கன்னு பதமா சொல்லிடுங்கம்மா. கோச்சிக்கப் போறாரு."

மழையால் வந்த நன்மை

அந்தோணி ஓ.டி.க்காரர். அவரும், அவர் தங்கை ரீட்டாவின் கணவர் சேவியரும் ஒரே மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறார்கள். இருவரிடமும் ஒரே மாதிரி இரண்டு வால்வு பெட்டிகள். கடலூரில் ரேடியோ கடை வைத்திருந்த ஒருவர், வெளிநாட்டுப் பெட்டி ஒன்றைப் பார்த்து அடுத்தடுத்துச் செய்துகொடுத்தவை. வெளியே வித்தியாசம் என்றால், முகப்பில் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய பெயர் மட்டும்தான். போன மாதம் நெல்லிக்குப்பம் கச்சேரியில் அந்தோணி, "உன் பெட்டி தகர டப்பா மாதிரி கத்துது, என்னுது கேக்கவே மாட்டேங்குது" என்றிருக்கிறார். சேவியர், "உன்னுது மூச்சு வாங்குற கெழட்டுப் பெட்டி" என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார். மைக் ஆனில் இருந்ததால் ஊரே கேட்டுச் சிரித்திருக்கிறது. அந்தோணி பாதிப் பாட்டில் பெட்டியோடு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சேவியர், ரீட்டா தம்பதியின் மகள் ஜெனிக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமனான அந்தோணியோ, சேவியர் மன்னிப்புக் கேட்டால்தான் வாசல்படி மிதிப்பேன் என்கிறார். தன் பெட்டிதான் சரியான டிசைன் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதை வைத்து மச்சானை மடக்க வேண்டும். இதற்காகத்தான் அத்தனை கனத்தையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வந்திருந்தார். பெட்டியைத் தட்டிக்கொடுத்தபடி அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். கடலூர்க்காரர் ஒருவர் மழையைப் பாராட்டி அதற்குமுன் நான் கேட்டதில்லை: "வாங்குனப்ப சுமார்தாங்க்கா. ஒரு வருசம் மழைத் தண்ணி உள்ள பூந்துச்சு. காய வெச்சு மாட்டுனதுலேருந்து பாருங்க, அப்புடி ஒரு சத்தம்!"

சூடு உண்டு, வேலை இல்லை

அந்த வாரமே குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடல் குழுவில் வாசிப்பவர். இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். வீட்டு ஏசி கரண்ட்டை டிசி ஆக்குவதற்கு, சில பெட்டிகளில் ரெக்டிஃபயர் வால்வு இருக்கும், சிலவற்றில் அதற்குப் பதில் மிளகு அளவு டயோடு இருக்கும். வால்வு இருந்தால், கம்பியை அழுத்தி மீட்டும்போது சத்தம் கொஞ்சம் தொய்ந்து பிறகு எழும்பும். டயோடு இருந்தால் அடித்த அடிக்கு விறைப்பாக நிற்கும். இதில் உசத்தி தாழ்த்தி கிடையாது. கை எதற்குப் பழகியதோ அதுதான் நல்லது.

தன்னுடையது வால்வு டிசைன் என்று அவருக்கு ஒரே பெருமை. திறந்து பார்த்தால், சாக்கெட்டுக்கு அடியில் யாரோ டயோடுகளைப் பற்றவைத்திருந்தார்கள். மேலே வால்வு அழகுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒப்பவில்லை. அந்த வால்வுக்கு நேர் மேலே பெட்டிப் பலகையில் கறுத்திருந்த வட்டத்தைக் காட்டி, "வேலை செய்யாமலா பலகை இப்புடிப் பொசுங்கும்?" என்றார். எரிகிற வால்வு எதுவானாலும் மேலே உள்ள பலகையில் வருஷக்கணக்கில் ஒரு வட்டம் போட்டுவிடும், சூடு வேறு, வேலை வேறு என்று விளக்கினேன். டயோடுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்: "எங்க கம்பெனியிலயும் ஒருத்தர் இருக்காருக்கா. சீட்டு சூடாத்தான் இருக்கும், வேலை ஒண்ணும் நடக்காது."

மறுபடியும் மழை

அந்தோணி பெட்டியை விட்டுப்போன செய்தி ஓ.டி.க்குப் போகாமல் இருக்குமா? சேவியரும் தன் பெட்டியோடு வந்துவிட்டார். அவருக்கும் அதே தீர்ப்புதான் வேண்டும், ஆனால் அவர் பக்கம். திறந்தேன். அந்தோணியின் பெட்டியில் ரெக்டிஃபயர் வால்வு இருந்தது. சேவியரின் பெட்டியில் அந்த இடத்து ஓட்டையைத் தகரத் துண்டால் மூடி, அடியில் டயோடு போட்டிருந்தது. ஒன்று தொய்ந்து எழும்பும், மற்றது விறைப்பாகக் கத்தும். இருவர் திட்டியதிலும் பொய் இல்லை.

"இது எப்பவுமே இந்த மாதிரித்தான் சத்தம் குடுக்குதா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "இல்லக்கா, வாங்குனப்ப ஏதோ சுமாரா இருந்துச்சு. மழையில நனஞ்சதுக்கு அப்புறம்தான் உசுரு வந்துச்சு" என்றார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். ஒரு பெட்டிக்கு மழை நன்மை செய்தால் அதிர்ஷ்டம். இரண்டு பெட்டிக்கும் செய்தால் அதில் ஏதோ இருக்கிறது. எங்கே காயவைத்தீர்கள் என்றேன். "எங்க வீட்டு மொட்டை மாடிலதான். ரெண்டு பெட்டிலயும் உள்பக்கத்த முழுசா உருவி, பக்கத்து பக்கத்துல கருவாடு மாதிரி போட்டு வெச்சோம்."

பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார், ரீட்டாவிடமிருந்து போன். சின்ன வயதிலிருந்து எங்கள் தெருப்பெண். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "எது நல்ல பெட்டின்னு எனக்கு வேணாங்க்கா. ரெண்டையும் கடல்ல போட்டாக்கூட சரி. எம் பொண்ணு கழுத்துல மாமன் மால விழணும். அதுக்கு எதாச்சும் பண்ணு."

கறுத்த வட்டம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச்சொல்லி இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். வந்தார்கள். ஒருவர் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார், மற்றவர் ஃபேனைப் பார்த்து உட்கார்ந்தார். நான் இரண்டு பெட்டிகளிலிருந்தும் உள்பாகத்தை உருவி முன்னால் வைத்தேன். பிறகு வெறும் மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, மேல்பலகையின் உட்புறத்தைக் காட்டினேன்.

சேவியர் பெட்டியில், ரெக்டிஃபயர் வால்வு நிற்க வேண்டிய இடத்துக்கு மேலே நல்ல கறுப்பாக ஒரு வட்டம். ஆனால் அதற்குக் கீழே இருந்தது தகரத் துண்டு. தகரம் பலகையைப் பொசுக்காது. அந்தோணி பெட்டியில் வால்வு நிற்கிறது, மேலே இருக்கும் வட்டமோ இன்னும் சரியாகக் கறுக்காத இளம்பழுப்பு. "மாடியில காய வெச்சு எடுத்தப்ப மாத்தி மாட்டிட்டீங்க. அந்த மழையிலேருந்து இவர் பெட்டி அவர்கிட்ட, அவர் பெட்டி இவர்கிட்ட" என்றேன்.

காலண்டரும் ஃபேனும் மறந்துபோயின. சேவியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் மைக்ல கெழட்டுப் பெட்டின்னு சொன்னது?" உங்களுடையதைத்தான் என்றேன். "தகர டப்பான்னு நான் சொன்னது?" என்றார் அந்தோணி. அவருக்கும் அதே பதில். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள் போல. கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை. சேவியருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அந்தோணிக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

சரி, அவரவருடையதை அவரவர் பெட்டியில் மாட்டித் தருகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அந்தோணி என் கையைப் பிடித்துவிட்டார். "வேணாங்க்கா. இவன் பெட்டிய இத்தன வருசம் நான் கண்ணு மாதிரி பாத்துருக்கேன். என்னுத அவன் பாத்துருக்கான். அப்புடியே இருக்கட்டும்." சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டே, "மச்சான், ஜெனிக்கு மால..." என்று இழுத்தார். முடிக்கக்கூட விடவில்லை அந்தோணி: "நெல்லிக்குப்பத்துலேருந்து வந்த மறுநாளே ஆர்டர் குடுத்துட்டேன் மச்சான்."

கல்யாண வரவேற்பில் நன்றிக்கடனாக என்னை முதல் வரிசையில், இரண்டு பெட்டிகளுக்கும் நேர் எதிரே, உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் இரண்டில் எது உசத்தி என்று இப்போது யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே என் காதில் விழுவதில்லை.