காற்று நின்ற தொட்டி

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், நான் பார்க்கும் வேலை என்னவென்று தெரிந்ததும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். "தண்ணிப் பகுதியில வேலை செய்யிறா" என்றுதான் அம்மா சொல்லுவார். நான் சும்மா இருக்கமாட்டேன். "கழிவுத் தண்ணி" என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

வங்காலையிலிருந்து பஸ் ஏறி, அருவியாற்றங்கரையில் இருந்த ஒரு வயற்கிராமத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியிலிருந்தும் சுற்றியிருந்த வீடுகளிலிருந்தும் குழாய்வழி வரும் அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கி ஆற்றில் விடுவது எங்கள் நிலையத்தின் வேலை. தண்ணீர் முதல் தொட்டியில் மண்டி படியத் தங்கும். அடுத்த தொட்டியில் மோட்டர் காற்றை ஊதிக்கொண்டேயிருக்கும். கடைசியில் கோரைப்புல் பாத்திக்குள்ளால் ஊறி ஆற்றுக்குப் போகும். நானும் ஒரு காவலாளியும்தான் அங்கே. மணம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தாழ்வுபாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் மட்டும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கடற்றொழில் செய்பவர். "நீங்கள் வேலை செய்யிற இடத்தை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று என்னிடமே கேட்டார்.

அடுத்த கிழமை மோட்டர் சைக்கிளில் வந்தார். காற்றுத் தொட்டியில் மண்ணிறமாய் நுரைத்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கனநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஏன் காத்து?"

"உள்ளுக்க கண்ணுக்குத் தெரியாத உயிருகள் இருக்கு. அதுகள்தான் ஊத்தையைத் தின்னுறது. காத்து இல்லாட்டிச் செத்துப்போகும்."

அவர் சிரிக்கவில்லை. பாத்தியைக் கடந்து ஆற்றில் விழும் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார்.

"மாரியில நாங்கள் இந்த ஆறு கடல்ல விழுற பக்கம்தான் இறாலுக்கு வலை போடுறனாங்கள். அப்ப நீங்கள் என்ர தொழிலையும்தான் பாக்கிறீங்கள்."

என் வேலையை அப்படி யாரும் சொன்னதில்லை. பாத்தியோரம் நின்ற கொக்கைக் காட்டினேன்.

கல்யாணம் பேசி முடிந்த அந்த மாரியில் ஆறு பெருகியது. புயற்காற்றில் மின்கம்பங்கள் சரிந்து கரண்ட் போனது, மோட்டர் நின்றது. ஜெனரேட்டர் ஏற்றிய லொறி வெள்ளத்தைத் தாண்டி வரமுடியாது என்று மேலதிகாரி ஃபோனில் சொல்லிவிட்டார். பிறகு எனக்குப் பேசியிருந்த இவருக்கு ஃபோன் எடுத்தேன். உதவி கேட்க அல்ல, அழுகை வந்தது.

"தண்ணி கறுக்கத் தொடங்கிட்டுது. எல்லாம் சாகப்போகுது."

"இறாலை உயிரோட வைச்சிருக்க நாங்கள் தண்ணியை அள்ளி அள்ளி உயரத்திலயிருந்து ஊத்துறனாங்கள். அப்பிடிச் செய்தா என்ன?"

"இது வாளியில்லை, பெரிய தொட்டி."

"வாறன், நில்லுங்கோ."

பின்னேரம், பெரிய சக்கரங்களால் வெள்ளத்தைத் தாண்டிய உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில், வயலுக்கு நீர் இறைக்கும் எண்ணெய் மெஷினோடு வந்து இறங்கினார். அடம்பனில் வயல் செய்யும், தெரிந்த கமக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கியிருந்தார். தொட்டித் தண்ணீரையே இழுத்து, கூரையளவு உயரத்தில் கட்டிய குழாயால் திரும்பவும் அதற்குள் கொட்டவிட்டோம். காவலாளியும் நாங்களும் மாறிமாறி மெஷினைப் பார்த்துக்கொண்டோம். தெறித்த தண்ணீரில் மூவரும் நனைந்தோம். "என்னில நாறுது" என்று நான் விலகி நின்றபோது, "கருவாட்டுக்காரனிட்ட வந்து நாத்தத்தைச் சொல்லுறீர்," என்றார். அதுவரை நான் அவருக்கு 'நீங்கள்'தான்; அன்றுதான் நெருக்கமான 'நீர்' ஆனேன்.

கரண்ட் வந்து மோட்டர் ஓடத் தொடங்கியபோது தண்ணீர் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. எல்லா உயிரும் தப்பவில்லை. ஆனால் தப்பியவை பெருகின. சில நாட்களில் பழைய மண்ணிறம் திரும்பியது. வெள்ளம் வடிந்தபின், தை மாதம், வங்காலைக் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

கடலுக்குப் போகாத நாட்களில் அவர் என்னோடு நிலையத்துக்கு வந்து, காற்சட்டையை மடித்துவிட்டுக் கோரைப் பாத்தியில் இறங்கிக் களை பிடுங்குவார்.

"தம்பி, உங்களையும் வேலைக்குப் பதியச் சொல்லட்டோ?" என்று காவலாளி பகிடி பண்ணுவார்.

"பொறுங்கோ அண்ணை, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்பார் இவர், தலை நிமிராமல்.