இங்கே ஐயர் யாரும் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். திருவண்ணாமலையில் நாள் கணக்காக விடாத மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக்கடலை மூட்டை ஏற்றி வரும் வேனை ஓட்டிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே நிற்கிறாங்க. "கொழந்தைக்கு ஜுரம் ஜாஸ்தியாகி இழுத்துக்கிச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க, ஓடு." பிள்ளைகளா, அந்தக் குழந்தைதான் உங்க அக்கா. நீங்க ரெண்டு பேரும் அப்போது பிறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் மேலே சொருகிக் கிடந்தாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, பொறுத்துத்தான் பார்க்கணும்னு சொன்னார். உங்க அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போய் பெரிய ஐயரை இட்டுனு வாங்க. அவர் தலைமேல கை வச்சா போதும்."

நம்ம சபையில் போதகரை ஐயர்னுதானே கூப்பிடுவோம். கோயில் ஊரில் அதனால் வருகிற கூத்து கொஞ்சமில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசில் ஐயர் வீடு எங்கேன்னு வழி கேட்டு, பூணூல் போட்ட ஒரு பெரியவர் வாசலில் போய் நின்று, ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டவன் நான்.

பெரிய ஐயர் நம்ம சபையில் ரொம்ப வருஷம் இருந்தவர். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த சின்ன ஐயர் திருநெல்வேலிப் பக்கம். வந்த புதுசில் ஆராதனை முடிவில், "அடுத்த வாரம் மழையா இருந்தா எல்லாரும் பைய வாங்க"ன்னார். அடுத்த வாரம் ஒரு அம்மா புது ஒயர் கூடையோடு வந்து நிற்கிறாங்க. கேட்டால், "அவர்தானே பை வாங்கச் சொன்னாரு"ன்னு பதில். மெதுவா வாங்கன்னுதான் பாவம் அவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு 'பை ஐயர்'னு பேர் வைத்துச் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தைக் கேட்போம். முடிந்ததும் நேரே செங்கம் ரோடு. கல்யாணப் பேச்சா, வீட்டுச் சண்டையா, காய்ச்சலா, எல்லாம் பெரிய ஐயரிடம்தான். "சின்ன ஐயர்கிட்ட சொன்னியா?"ன்னு அவர் கேட்பார். நாம் மழுப்புவோம். அப்புறம் ஜெபம் பண்ணித்தான் அனுப்புவார்.

அந்த தைரியத்தில்தான் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். ஜன்னலைத் திறந்தார். குழந்தை கிடக்கிற நிலையைச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். பின்னால் ஐயரம்மா குடையை எடுத்துக்கொண்டு வந்ததைக்கூடப் பார்த்தேன்.

"இங்க ஐயர் யாரும் இல்லப்பா"ன்னார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஐயரே, நான்தான்"னேன்.

"தெரியுது. ஐயர் சர்ச் வீட்டுல இருக்காரு. சீக்கிரம் போய் இட்டுனு போ."

"என்னங்க, கொழந்தைங்க"ன்னாங்க ஐயரம்மா. "நீ சும்மா இரு"ன்னு சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, இவருக்குப் புத்தி ஏதாவது கலங்கிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப முடியாதே, அதனால்தான் சர்ச் வீட்டுக்குப் போனேன். பக்தியால் இல்லை.

சின்ன ஐயர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு என்ன செய்யுது?"ன்னு கேட்டவர் பதிலுக்குக்கூட நிற்காமல் கையைக் கழுவி, சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் என் முதுகில் கை வைத்து, "பைய போங்க, பதறாதீங்க"ன்னு சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

அவரைப் பார்த்ததும் உங்க அம்மா முகம் வாடியதை அவரும் கவனித்தார். குழந்தை தலையில் கை வைத்தார். ஜெபத்தில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஈர வேட்டியோடு கட்டில் பக்கத்திலேயே இருந்தார். உங்க அக்கா கண் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து மார்க்கெட்டில் ஐயரம்மாவைப் பார்த்தேன். பேசாமல் போய்விடலாம்னு நினைத்தேன். அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க. அன்றைக்குக் காலையில் சின்ன ஐயர் அவங்க வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்த ஊரில் என்னை யாருமே கூப்பிடுவதில்லை, வேறு ஊருக்கு மாற்றல் கேட்கப் போகிறேன்னு சொல்லியிருக்கிறார். இனிமேல் யார் வந்தாலும் உங்களிடமே அனுப்புகிறேன், இருங்கன்னு பெரிய ஐயர் வாக்குக் கொடுத்திருக்கிறார். "அதுக்கப்புறம் மொதல்ல வந்து தட்டினது நீதாம்பா"ன்னாங்க.

"நான் போனப்புறம் வீட்டுக்குள்ளயாவது ஜெபம் பண்ணாரா?"ன்னு கேட்டேன்.

"அன்னைக்கு அவர் சாப்பிடல. அது மட்டும் தெரியும். மத்ததை நான் கேக்கல, அவரும் சொல்லல."

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக சின்ன ஐயரைக் கூப்பிட ஆரம்பித்தது. அவர் பல வருஷம் இருந்தார். உங்க ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது அவர்தான். மாற்றலாகிப் போன பிறகு, தம்பி பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லி அம்மா அவருக்கே போன் பண்ணினாள். "அங்க ஐயர் இருக்காருல்லா, அவர்ட்ட சொல்லுங்க"ன்னு வைத்துவிட்டார். அம்மாவுக்குக் கோபம். எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது.

ஐயர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், சபை உடையாமல் இருக்கிறது. அதற்கு அந்த ஜன்னல்தான் காரணம்னு என் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அக்கா பிழைத்ததால்தானே இப்படிச் சொல்கிறேன்? பிழைக்காமல் போயிருந்தால் அந்த மனிதரை நான் என்னவென்று சொல்லியிருப்பேன்? சின்ன ஐயரிடம் ஒருமுறை இதைக் கேட்டதற்கு, "எனக்கும் தெரியலைங்க"ன்னார். இன்றைக்கும் செங்கம் ரோட்டில் அந்த வீட்டைத் தாண்டும்போது வேனைப் பையத்தான் ஓட்டுகிறேன். நன்றி சொல்லவா, கோபப்படவான்னு எனக்கு இன்னும் தெரியவில்லை.