கடைசி இரண்டு ரீல்

1970 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வரதன் கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காட்டுக்குக் கிளம்பினான். அங்கிருந்து படகேறிப் போனால் தீவில் கட்டட வேலை.

"ஊட்ட உட்டுட்டு கொட்டாயிலயே கெடக்காத," என்றான்.

"நீ சீக்கிரமா வந்துடு, கெடக்கல," என்றாள் அவன் மனைவி சந்திரகலா.

சாயங்காலக் காற்றில் படகு கவிழ்ந்தது. கிடைத்த உடல்களில் அவன் இல்லை. பொட்டை அழிக்கச் சொன்ன உறவுக்காரர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. புரட்டாசியில் அந்தப் படம் வந்தது. பட்டணத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காத படம். கடைசியில் 'முற்றும்' என்று காட்டும் அட்டைகூட அறுந்துபோன பிரதி.

"இன்னா பாய், தூங்கறதுக்கா டிக்கெட்டு?" என்று ஆண்கள் பக்கம் கூவினார்கள்.

"தூங்கு நைனா, தலகாணிக்குத் தனி டப்பு," என்றார் ஆபரேட்டர் கிஃபாயத்துல்லா.

சந்திரகலா மட்டும் மணலைவிட்டு எழவில்லை. ஏரியில் கணவனைத் தொலைத்த ஒருத்தியின் கதை. அவள் வீட்டு நாற்காலிகள் தாமாக இடம் மாறும். யாரும் அதைப் பேசமாட்டார்கள். காய்ந்த சேலையிலிருந்து நீர் சொட்டும். அழுகையே கிடையாது. பயத்தை இவ்வளவு மெதுவாகக் காட்ட முடியுமென்று சந்திரகலாவுக்கு அதுவரை தெரியாது.

தினமும் கதவு தட்டப்படும். "யாரு?" "நான்தான்." ஒருநாள் திறப்பாள், கணவன் நனைந்தபடி நிற்பான். அங்கே விளக்கைப் போட்டு ரீல் மாற்றுவார்கள். கடைசி ரீலில் அவள் படுத்திருப்பாள். மறுபடி தட்டல். திறந்தால் ஆளில்லை. கருந்தண்ணீர் படி தாண்டி வந்து அவளை மூடும். அதோடு திரை வெளுத்துவிடும். அப்படியானால் அவன் வந்து நின்றதுதான் கனவு.

படம் ஓடிய எல்லா நாளும் பார்த்தாள். தன் நெஞ்சுக்குள் கிடந்ததை யாரோ எடுத்துத் துணியில் காட்டுவதுபோல் இருந்தது.

ஐப்பசி மழையில், விளக்கு வைக்கும் நேரத்தில், அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தான்."

கரகரத்த குரல். புருஷன் பேரைச் சொல்லிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நானுன்னா?"

"நான்தாம்மே. தொற."

கதவடியில் மழைத்தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. அதையே பார்த்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் தட்டிவிட்டுச் சத்தம் நின்றது. விடிந்தபோது வாசலில் வெறும் தண்ணீர். செத்தவன்தான் வந்து தட்டினான் என்று தீர்மானித்து, அன்று பொட்டை அழித்தாள்.

கொட்டகை இருந்த இடத்தில் பிறகு இரும்பு ஆலை வந்தது. அங்கே பெருக்கும் வேலைக்குப் போனாள். 1977இல், முன்பு படப்பெட்டி தூக்கி வந்த முனுசாமி ஆலை வாசலில் அவளை நிறுத்தினான்.

"பள்ளிப்பட்டுல நம்ம பாயப் பாத்தேன். உனக்கு ஒரு சேதி சொன்னாரு. அந்தத் தண்ணிப் படம் அங்க வந்துச்சாம். நம்மூர்ல கடைசி ரெண்டு ரீல மாத்தி ஓட்டிட்டாராம், ஒருத்தனும் கண்டுக்கல. தண்ணி வர்றது முன்னாடியாம், அதுதான் கனவாம். அப்பால அவ முழிச்சுக்கினு போய்த் தொறக்கறா. புருசங்காரன் நெஜமா வந்து நிக்கறானாம், தொப்பலா நனஞ்சுக்கினு. அதான் முடிவு. உனக்கு அந்தப் படம்னா உசுராச்சே, கேட்டா சந்தோசப்படுவேன்னு சொல்லச் சொன்னாரு."