ஐயாதுரைக்குக் கேட்காத சத்தம்

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஐயாதுரைக்கு வயது அறுபத்தொன்று. பின் அச்சு வேலைதான் பிழைப்பு. லாரியோ ஜீப்போ காரோ, பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் இரும்புக் கூட்டுக்குள் பல் தேய்ந்தாலும் பேரிங் போனாலும், வத்திராயிருப்புப் பக்கமிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். அளவுக் கருவி எதையும் அவர் தொட்டதில்லை. பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுப்பார். பிறகு வண்டியில் ஏறி ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்பார். "சரியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெங்கடேஸ்வரி அவர் பட்டறைக்கு வந்தார். ஓட்டி வந்த காரைப் பார்த்ததுமே ஐயாதுரைக்கு அடையாளம் தெரிந்தது. எண்பத்தொன்பதாம் வருட மாடல். கோயம்புத்தூரில் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்த ஒருவரிடமிருந்து ஹவில்தார் சோலைச்சாமி வாங்கி வந்தது. பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் அந்தக் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வெங்கடேஸ்வரி அவருடைய மனைவி. சோலைச்சாமி மாரடைப்பில் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காரை விற்க மனமில்லாமல் ஐம்பத்து மூன்று வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

"பின்னால இருந்து ஒரு சத்தம் வருது அண்ணாச்சி. பம்பரம் சுத்துத மாதிரி 'ஙொய்'ங்குது" என்றார்.

ஐயாதுரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ள, வெங்கடேஸ்வரி சேத்தூர்ப் பக்கம் ஓட்டினார். ஊரைத் தாண்டி வேகம் கூடியது.

"இந்தா, இப்ப வருது. கேக்குதுல்ல?"

ஐயாதுரை கண்ணை மூடிக் கேட்டார். டயர் தார்ச்சாலையில் உருளும் இரைச்சல் கேட்டது. என்ஜினின் உறுமல் கேட்டது. வேறு எதுவும் இல்லை.

"ஒரு சத்தமும் இல்லம்மா. பழைய வண்டி, கொஞ்சம் இரையத்தான் செய்யும்."

வெங்கடேஸ்வரி வேகத்தைக் குறைத்து, சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"எங்க வீட்டு அவியகிட்டயும் இப்படித்தான் சொன்னீங்களாம். ஆறு வருசத்துக்கு முந்தி நீங்கதான் பின்னால பேரிங் மாத்திக் குடுத்தீங்க. ஒரு வாரத்துல சத்தம் வருதுன்னு வந்தாவ. ரெண்டு தடவ வந்தாவ. பீரங்கி வெடிச்ச காது சார், சத்தம் உங்க காதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

ஐயாதுரைக்கு நினைவு வந்தது. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவு வந்தது.

"அவிய அத நம்பிட்டாவ. மதுரையில காது டாக்டர்கிட்டப் போய் ஒரு வருசம் மாத்திரை சாப்பிட்டாவ. பொறவு வண்டியவே எடுக்கல. தார்ப்பாய் போட்டு மூடிட்டாவ. காதுக்குள்ள கேக்குதத ரோட்டுல போய் எதுக்குக் கேக்கணும்னாவ."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஐயாதுரையை இருப்புக்கொள்ளாமல் செய்தது. இறங்கிப் போய்ப் பின்பக்கம் நின்று குனிந்து பார்த்தார். நிமிர்வதற்குள் வெங்கடேஸ்வரி ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒதுங்குங்க அண்ணாச்சி! வேன் ரிவர்ஸ்ல வருதுல்ல, அம்புட்டு நேரமா பீப் பீப்னு கத்துதே, கேக்கலயா?"

பள்ளிக்கூட வேன் ஒன்று அவர் முதுகுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தது. அதன் பின்விளக்கு மினுங்குவது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ஐயாதுரை அப்படியே நின்றார். குக்கர் விசில் அடித்தது கேட்கலையா என்று மனைவி தங்கபாய் ஓயாமல் சண்டை போடுவது, செல்போன் அடிப்பதே தெரியாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். நாற்பது வருடம் சம்மட்டிக்கும் கிரைண்டருக்கும் நடுவே நின்ற காது. பேச்சுக் கேட்டது, உறுமல் கேட்டது. மெல்லிய கீச்சொலிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தன. போனது தெரியாமலே போயிருந்தன.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத்தாம்மா கேக்கல. உங்களுக்குக் கேக்குது. நான் கேக்கக் கேக்க நீங்க சொல்லுங்க. செத்த நேரம் ஓட்டுவோம்."

மறுபடி கிளம்பினார்கள்.

"எந்த வேகத்துல வருது?"

"அம்பத்தஞ்சுல ஆரம்பிக்குது. எழுபதத் தாண்டுனா அடங்குது."

"அறுபதுல வச்சுக்கோங்க. இப்ப நாலாவது கியருக்கு மாத்துங்க. சத்தம் மாறுதா?"

"இல்ல. அதே சத்தந்தான்."

அப்படியானால் என்ஜினும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. என்ஜின் சுற்று மாறியும் சத்தம் மாறவில்லை. வண்டியின் வேகத்தோடு போகிற சத்தம் அது.

"ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுங்க."

"நின்னுருச்சு!" என்றார் வெங்கடேஸ்வரி. மிதித்தார். "திரும்ப வந்துருச்சு."

வளைவில் திருப்பச் சொன்னார். இடது பக்கம் சாய்ந்தபோதும் வலது பக்கம் சாய்ந்தபோதும் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சக்கர பேரிங் என்றால் பாரம் மாறும்போது காட்டிக்கொடுத்திருக்கும். புதுத்தார் போட்ட இடத்திலும் சொரசொரப்பான இடத்திலும் ஒரே மாதிரிதான் என்றார் அந்த அம்மாள். அதனால் டயரும் இல்லை. மிதித்தால் வந்து, விட்டால் நிற்கிற சத்தம், பினியன் பல்லும் கிரவுன் என்ற பெரிய சக்கரத்தின் பல்லும் சேரும் இடத்திலிருந்துதான் வர முடியும். வண்டியை முன்னே தள்ளும் பக்கத்துப் பல் சரியாகச் சேரவில்லை.

காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வெங்கடேஸ்வரி பஸ்ஸில் ஊர் திரும்பினார். மறுநாள் ஐயாதுரை தனியாகவே அச்சைத் திறந்தார். லேத் பட்டறைக் கண்ணுச்சாமியிடம் டயல் கேஜ் வாங்கி வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பல்லின் இடைவெளியை அளந்தார். பல்லில் சாயம் தடவி, கிரவுன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். மேல் விளிம்பை ஒட்டி ஒரு கீற்றாக விழுந்திருந்தது. பினியன் உள்ளே போகவேண்டிய அளவுக்குப் போகவில்லை.

பினியனைக் கழற்றினார். பேரிங்குக்கு அடியில் இருந்த ஷிம், அந்த மெல்லிய இரும்பு வட்டு, பழையது. ஆறு வருடத்துக்கு முன் புது பேரிங் போட்டபோது அளந்து வேறு ஷிம் போட்டிருக்கவேண்டும். பழையதையே திரும்பப் போட்டு, கையால் சுழற்றி, காதைக் கொடுத்து, சரியா இருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மதியம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தார். தங்கபாய் ஏன் என்று கேட்டபோது, "ஒரு மனுசனப் பைத்தியமாக்கி அனுப்பியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

சாயந்தரம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வெங்கடேஸ்வரி வாசல் கேட்டைத் திறந்து உட்காரச் சொன்னார். ஐயாதுரை உட்காரவில்லை. காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஷிம்மை எடுத்துக் காட்டினார்.

"தப்பு எம்மேலதாம்மா. நான் போட்டதுதான் சரியில்ல. சத்தம் முத நாளே வந்திருக்கு. எனக்குக் கேக்கல."

அந்த அம்மாள் ஷிம்மைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அவிய காதுல ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்ல. நல்ல காது. சரியாத்தான் சொன்னாவ."

வெங்கடேஸ்வரி வாசல் படியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "எனக்கும் அப்பவே கேட்டுச்சு அண்ணாச்சி. வண்டின்னா சத்தம் வராமயா இருக்கும்னு நெனச்சேன். உனக்குக் கேக்குதான்னு அவிய எங்கிட்டக் கேக்கல. நானும் சொல்லல."

ஐயாதுரை சுவரில் மாட்டியிருந்த படத்தில் ராணுவ உடுப்பில் இருந்த சோலைச்சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

புது ஷிம் அளந்து போட்டதும் தடம் நடுவில் விழுந்தது. ஆனால் தப்பான இடத்தில் தேய்ந்த பற்கள் இனி முழுக்கச் சேரா. மதுரையில் பழைய உதிரி விற்கும் கடைகளில் மூன்று வாரம் அலைந்து, அதே மாடலுக்கான கிரவுனும் பினியனும் ஜோடியாகக் கண்டுபிடித்து வந்து மாட்டினார். இந்தத் தடவை அவர் காதைக் கொடுக்கவில்லை. டயல் கேஜ் காட்டிய அளவையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வெங்கடேஸ்வரி சிவகிரி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, "ஒன்னும் இல்ல அண்ணாச்சி, சுத்தமா இல்ல" என்றார்.

ஐப்பசியில் ஐயாதுரை காதைச் சோதித்துக்கொண்டு கருவி வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு, கடந்த ஏழெட்டு வருடத்தில் தன் கையால் அச்சு வேலை செய்து அனுப்பிய வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். ஒருதரம் கொண்டுவாங்க, அளந்து பார்க்கணும் என்றார். வ. புதுப்பட்டி ஜீப்காரர் முத்துக்குமரன் சிரித்தார்.

"நல்லாத்தான ஓடுது? சத்தம் லேசா வரும், நீங்கதான் ஒன்னுமில்லன்னு சொன்னீங்களே."

"சொன்னேன் தம்பி" என்றார் ஐயாதுரை. "நாளைக்கே கொண்டுவாங்க."