கடைசி ஐந்து தாள்

ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்றாவது வீட்டு அலெக்சாண்டரின் மகன் நோயலுக்கு நிற்கத் தெரியாது, உட்காரவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட முன்னால் இருப்பவரின் சட்டை நூலை உருவிக்கொண்டிருப்பான். காலில் பந்து இருந்தால் மட்டும் பையனுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கும் என்பது அவன் அம்மாவின் கண்டுபிடிப்பு. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி என்ன பயன்? அங்கே காலில் பந்து இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வரை அவன் வந்து சேர்ந்ததே கருணை மதிப்பெண் புண்ணியத்தில். 1998 ஜூலையில் மணியடிக்கும் கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். அன்றைக்கு முழுநாளும் எந்தப் பீரியடும் முடியவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் சந்தோஷமாக இருந்தார். மறுநாள் தலைமையாசிரியை ஒரு கடிதம் அடித்து அலெக்சாண்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சேட்டை, கையில் டி.சி. அலெக்சாண்டர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் வாசிப்புப் போட்டி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுக்க வேண்டும். அதிலுள்ள கதையை அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்து, சனிக்கிழமை பெரிய ஹாலில் புத்தகத்தோடு வைத்து நிற்க வேண்டும். ஜோடியை ரோல் நம்பர் பார்த்துப் போட்டார்கள். நோயலுக்கு அடுத்த நம்பர் பாஞ்சாலி.

பாஞ்சாலி, பென்சிலை இரண்டு முனையிலும் சீவி வைத்திருக்கும் ஜாதி. ஒரு முனை உடைந்தால் இன்னொரு முனை என்று முன்னேற்பாடு. இப்படிப்பட்டவளோடு தன்னைச் சேர்த்ததே யாரோ தன்மேல் செய்த சேட்டை என்று நோயல் நினைத்தான். அவள் வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று.

"உன் லைப்ரரி கார்டு இருக்கா?"

இருந்தது. ஒருநாளும் உபயோகப்படாததால் கல்யாணப் பத்திரிகை மாதிரி புதுசாக இருந்தது. அவளுடைய கார்டு எங்கே என்று கேட்டான். நூலகம் பார்க்கும் சேஷகிரி சார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைக் கத்தரியால் வெட்டிவிட்டார் என்றாள். ஏழாம் வகுப்பில் இவள் படித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் கடைசி ஐந்து தாளைக் காணவில்லை. பின்னட்டைச் சீட்டில் கடைசிப் பெயர் இவளுடையது. வேறென்ன சாட்சி வேண்டும்? ஒருநாள் முழுக்க ஹால் வாசலில் முட்டி போட்டாளாம். இத்தனைக்கும் அந்தப் புத்தகத்தை இவள் முழுக்கப் படிக்கவே இல்லை. கெடு முடிந்துவிட்டதென்று கடைசி ஐந்து தாளைப் படிக்காமலே நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தவள்.

அவன் கார்டை வாங்கிக்கொண்டு போய் அதே புத்தகத்தை எடுத்து வந்தாள். 'சரக்கு வண்டியில் திம்மன்.' நீல அட்டை, யானைப் படம்.

நோயல் அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

அந்த நீல அட்டை அவனுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு மழைநாள். பி.டி. பீரியடை ஹாலுக்குள் அடைத்துவிட்டார்கள். பையன்களுக்குள் ராக்கெட் போட்டி. நோட்டுத்தாள் ராக்கெட் மூக்கு மடங்கி விழுந்துகொண்டிருந்தது. ஹாலின் ஒரு மூலைதான் நூலகம்; அங்கிருந்த மேஜையில் திரும்பி வந்த புத்தகங்கள் கிடந்தன. அதில் ஒன்றின் தாள் மொடமொடவென்று, பறப்பதற்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது. ஐந்தும் கிழிந்தன, ஐந்தும் பறந்தன, ஐந்தும் மேலே வெண்டிலேட்டர் திட்டில் போய் உட்கார்ந்தன. பெயர் எழுதாத ராக்கெட் செல்லாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே ஒவ்வொரு இறக்கையிலும் பால்பாயிண்டில் கொட்டை எழுத்தில் 'நோயல் 10' என்று எழுதியிருந்தான். பத்து அவன் ஜெர்சி நம்பர்.

அடுத்த நாள் ஹால் வாசலில் ஒரு பெண் முட்டி போட்டிருந்தது ஞாபகம் இருந்தது. யார் என்று அன்றைக்கு அவன் பார்க்கவில்லை. பந்தோடு அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சார் காதுக்குப் போகும், அங்கிருந்து கடிதத்துக்குப் போகும். சொல்லவில்லை. பதிலாக, யாரும் கேட்காமலே வேலை செய்தான். செருப்புப் பெட்டிகளை ஒட்டி ரயில் பெட்டி செய்தான். சோடா மூடியில் சக்கரம். யானைக்குத்தான் பாஞ்சாலி திணறிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டிலிருந்து கிழிந்த பந்தின் பிளாடரைக் கொண்டுவந்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கோந்தும் சாம்பலும் குழைத்துப் பூசினான். காற்றடிக்கிற குழாய் தும்பிக்கையாகிவிட்டது. பாஞ்சாலி முதல்தடவையாகச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கதை இதுதான். சர்க்கஸ் யானை ஒன்று தவறுதலாகச் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டுவிடுகிறது. பாகன் மகள் அதைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறாள். கடைசியில் ஒரு ஜங்ஷனில் வண்டி இரண்டாகப் பிரிகிறது. யானை இருக்கும் பெட்டி எந்தப் பக்கம் போயிற்று? அந்த இடத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது, நோயல் தயவில்.

"ஜட்ஜு எப்பவும் கடைசியில இருந்துதான் கேப்பாங்க," என்றாள் பாஞ்சாலி. "எல்லாரும் முதல் பத்துப் பக்கம்தான் படிப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்." அவள் மூன்று முடிவு யோசித்து வைத்திருந்தாள். ஒன்றில் யானை கிடைக்கிறது, ஒன்றில் கிடைப்பதில்லை, ஒன்றில் அந்தப் பெண்ணும் வண்டியேறிவிடுகிறாள். "ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். போட்டி கிடக்கட்டும். எனக்குத் தெரியணும்டா."

ஹாலில் உட்கார்ந்திருந்த நோயல் தலைக்குமேல் பார்த்தான். இருபதடி உயரத்தில் திட்டு. புறா முனகியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாலில் தோரணம் கட்ட நீள ஏணி வந்தது. ஏறுவதற்கு ஆள் கேட்டார்கள். நோயல் கை தூக்கியதைப் பார்த்து சேஷகிரி சாருக்கே சந்தேகம். இருந்தாலும் வேறு யாரும் தூக்கவில்லை.

மேலே திட்டில் தூசி, எச்சம், ஒரு ஷட்டில்காக், நான்கு ராக்கெட். ஐந்தாவது ஒரு மூலையில் இருந்தது. அதன்மேல் சுள்ளி, அதன்மேல் புறா. கை நீட்டினான். புறா எழுந்து நகர்ந்தது. இரண்டு முட்டை. புறா அவனை ஒரு கண்ணால் பார்த்தது. "சரி, வெச்சுக்கோ," என்று கையை இழுத்துக்கொண்டான். நான்கைச் சட்டைக்குள் போட்டான். கடைசித் தாளை மட்டும் அங்கேயே பிரித்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தான். கீழே சேஷகிரி சார் தன் தாய்மொழியான கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டாயா என்று.

அன்றைக்கு நோயல் பந்தாடப் போகவில்லை. வீட்டில் நான்கு தாளையும் பாய்க்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். மடிப்பு போனது. பெயர் போகவில்லை. அழிரப்பரால் தேய்த்தால் தாள் கிழிந்துவிடும். கத்தரித்து எறியலாமென்றால், கடைசித் தாளில் 'நோயல் 10' சரியாகக் கடைசி வரியின்மேல் உட்கார்ந்திருந்தது. பெயரை வெட்டினால் கதையும் போய்விடும். தாளைக் கொடுக்காமல் முடிவை மட்டும் வாயால் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தான். எங்கே படித்தாய் என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை.

சனிக்கிழமை காலை ஹாலில் முப்பது மேஜை. தெர்மாகோல் கோட்டை, பஞ்சு மேகம், தீக்குச்சிக் கப்பல். நடுவர் அம்மாள் நான்காவது மேஜையில் இருந்தார். இவர்களுடையது பதினொன்று. பாஞ்சாலி மூன்று முடிவையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நோயல் சட்டைக்குள் கைவிட்டு தாள்களை எடுத்து யானைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் முதலில் பக்க எண்ணைப் பார்த்தாள். பிறகு இறக்கையிலிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு அவனை.

"மேலே கிடந்துச்சு," என்றான். "நான்தான். அன்னிக்கு மழை."

அவள் அறைவாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"அப்புறம் பேசு," என்றாள். "படிக்கணும்."

மேஜைத் துணிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். நடுவர் ஏழாவது மேஜைக்கு வந்தார், எட்டுக்கு வந்தார். நோயல் மேஜைமுன் நின்று, சோடா மூடிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் யானையின் வயிற்றில் எத்தனை பவுண்டு காற்று என்று விளக்கினான். பத்தாவது மேஜைக்கு வரும்போது அவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

நடுவர் முடிவைத்தான் கேட்டார். யானை கிடைக்கவில்லை என்றாள் பாஞ்சாலி. ஆனால் அந்தப் பெண், போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கேட்கும்படி ஜங்ஷனிலேயே ஒரு மணி கட்டித் தொங்கவிடுகிறாள். கடைசி வரியில் தூரத்தில் எங்கேயோ ஒரு பிளிறல் கேட்கிறது, அவ்வளவுதான். ஒரு தாள் மட்டும் இல்லை, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

பின்னாலேயே வந்த சேஷகிரி சார் தாள்களை எடுத்தார். பெயரைப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் இரண்டு வருஷத்தை ஒரே மூச்சில் திரும்ப எண்ணுகிறவர் மாதிரி இருந்தது.

"ஏனோ இது? என்னடா இது, நீயா?" என்றார் நோயலைப் பார்த்து. பிறகு அவளிடம், "நீ ஏம்மா அன்னிக்கே சொல்லலே?"

"சொன்னேன் சார்," என்றாள் பாஞ்சாலி. "சீட்டுல பேர் இருக்கில்லேன்னு சொன்னீங்க."

பரிசு தீக்குச்சிக் கப்பலுக்குப் போயிற்று. நோயல் அதே வாசலில் முட்டி போட்டான். இண்டர்வலில் பாஞ்சாலி வந்து நின்றாள்.

"அஞ்சாவது எங்கே?"

"மேலேதான். புறா உக்காந்திருக்கு. முட்டை."

"பொரியட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை டி.சி. எழுதினார்கள். பழைய சேட்டைதான், ஆனாலும் கையெழுத்துப் போட்ட கடிதமல்லவா. அலெக்சாண்டர் அவனை மைதானத்தை ஒட்டிய ஸ்கூட்டர் மெக்கானிக் ஷெட்டில் சேர்த்துவிட்டார். பாஞ்சாலிக்குப் புதுக் கார்டு கிடைத்தது. சேஷகிரி சார் அதில் அவள் பெயரைத் தன் கையாலேயே, மை காயும்வரை ஊதி ஊதி எழுதினாராம்.

ஒன்றரை மாதம் கழித்து, தசரா லீவு முடிந்து, தோரணம் அவிழ்க்க ஏணி மறுபடி வந்தபோது, கிரீஸ் கையோடு ஒருவன் வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லி உள்ளே நுழைந்து மேலே ஏறி இறங்கிப் போனதாகப் பேச்சு. சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி, இந்தப் பக்கம் நோயல். சுவர்மேல் எச்சம் காய்ந்த ஒரு தாள். அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ஷெட்டிலிருந்து முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பஞ்சர் வண்டி காத்திருந்தது. நோயல் காலை மாற்றி மாற்றி நின்றான்.

அவள் நிறுத்தி, "போகணுமா?" என்றாள்.

"இல்ல. மெதுவா படி," என்றான்.